கோபியில் வீடு, ஷார்ஜாவில் வேலை: பூட்டிய வீட்டைக் காப்பாற்றும் வழி

எங்கள் வீடு கோபிசெட்டிபாளையத்திலிருந்து பாரியூர் போகும் பக்கம், வயல்களை ஒட்டி இருக்கிறது. நாங்கள் ஷார்ஜாவுக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. மாமியார் இருந்தவரை வீட்டைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. 2016-ல் அவரும் காலமானபிறகு முதன்முறையாக வீட்டைப் பூட்டினோம். ஒரு சாவியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். இன்னொன்றைச் சொந்தத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினோம்.

பதினான்கு மாதம் கழித்துக் கதவைத் திறந்தபோது முதலில் வந்தது சாக்கடை நாற்றம். பூஜை அறை நிலையை ஒட்டிச் சுவரில் பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு மேலேறிப் போயிருந்தது. நிலையின் மேல் பூசிய வார்னிஷ் அப்படியே பளபளவென்று இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே மரம் இல்லை. அடுக்கடுக்காக ஈர மண்ணும், அதற்குள் வெள்ளை வெள்ளையாக ஓடிய செல்லும்தான் இருந்தன. எங்கள் பக்கத்தில் கரையானைச் செல் என்றுதான் சொல்வோம். மாமியாரின் மரப்பெட்டி தரையோடு தரையாக இருந்தது. அதைத் தூக்கியபோது அடிப்பலகை தரையிலேயே தங்கிவிட்டது. பெட்டிக்குள் அவருடைய கூறைப்புடவை இருந்தது. அதை மடிப்போடு அரித்திருந்தன.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை மதியம் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் ஏழெட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அரிசியும் பருப்பும் சாதத்தைத் தட்டில் போட்டு நெய் ஊற்றுவதற்குள் பேச்சு ஊரில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடும். விற்றுவிடலாமா, வாடகைக்கு விடலாமா, கேமரா வைக்கலாமா என்று தொடங்கிக் காபி ஆறும்வரை ஓடும். போன வாரம் பல்லடத்து அண்ணன் ஒருவர், "ஆறு கேமரா வைத்திருக்கிறேன், கைப்பேசியிலேயே வீடு முழுக்கத் தெரிகிறது" என்றார். பெருந்துறை அக்கா உடனே, "குளியலறை நாற்றம் தெரிகிறதா அண்ணா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. கேமரா திருடனைக் காட்டும். செல்லைக் காட்டாது, கசியும் குழாயைக் காட்டாது. அதற்கு ஒரு ஆள் உள்ளே போய் நடந்து பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, சாவியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். நெருங்கிய சொந்தம் என்று பார்த்துக் கொடுக்காதீர்கள். நாங்கள் முதலில் கொடுத்தது மாப்பிள்ளை முறை உள்ளவரிடம். நல்ல மனிதர். ஆனால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "கழிவறையில் தண்ணீர் ஊற்றினீர்களா?" என்று கேட்க முடியுமா? நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாவியை வைத்திருப்பவர் உங்கள் வீட்டைத் தினமும் கடந்து போகிறவராக இருக்க வேண்டும். நீங்கள் கூச்சமில்லாமல் வேலை சொல்லக்கூடியவராகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தால் போதும்.

இப்போது எங்கள் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் பால் கேனோடு சொசைட்டிக்குப் போகும்போது எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போவார். மாதம் 2,000 ரூபாய் தருகிறோம் என்றதும், "பக்கத்து வீட்டைப் பார்ப்பதற்குக் காசு வாங்குவேனா கண்ணு?" என்று முகம் சுளித்தார். "நீங்கள் வாங்காவிட்டால் உங்களிடம் ஒரு வேலை சொல்ல எனக்கு வாய் வராது அக்கா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஐந்தாம் தேதிக்குள் பணம் போய்விடும், ஒரு மாதமும் தவறியதில்லை. இரண்டு தென்னையின் காயும் அவருக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டைத் திறப்பார். இங்கே அப்போது ஆறரை. வீடியோவில் அழைப்பார், நானும் கூடவே நடப்பேன். முக்கால் மணி நேர வேலை. ஜன்னல்களைத் திறந்து வைப்பது, ஒவ்வொரு குழாயையும் ஒரு நிமிடம் ஓடவிடுவது, கழிவறையில் தண்ணீர் விடுவது, விளக்கு ஏற்றுவது. குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலிக்குக் கீழே நானி ட்ராப் இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்பதால்தான் சாக்கடைக் காற்றும் கரப்பானும் மேலே வராமல் இருக்கின்றன. யாரும் குளிக்காத வீட்டில் அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும். எங்கள் வீட்டு நாற்றத்துக்குக் காரணம் அதுதான். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் போதும். வாரம் தவறக்கூடும் என்றால், தண்ணீர் ஊற்றியபிறகு அதன்மேல் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றிவிடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நின்று தண்ணீர் காய்வதைத் தாமதப்படுத்தும். வாஷ்பேசினுக்கும் சமையலறைத் தொட்டிக்கும் இதையே செய்யலாம்.

போர்வெல் மோட்டாரையும் வாரம் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றாமல் கிடக்கும் மோட்டாருக்குள்ளும் அது படிந்து இறுகிவிடும். பிறகு சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. பைப்பைக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் வாரம் பத்து நிமிட மின்சாரம் ஒன்றுமே இல்லை.

செல்லுக்கு வருகிறேன். மாதம் ஒருமுறை எல்லா நிலைகளின் அடிப்பகுதியையும், அலமாரிகளின் பின்பக்கத்தையும், சுவரில் தொங்கும் காலண்டருக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மண்கோடு தெரிந்தால் உடனே துடைத்துவிடக் கூடாது. நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்க வேண்டும். உடைத்த இடத்தை ஈர மண்ணால் மறுபடி மூடியிருந்தால் உள்ளே செல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போதே மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிட வேண்டும். மேலே தெளித்துவிட்டுப் போகிறவரை அனுப்பிவிடுங்கள். தரைக்கும் சுவருக்கும் நடுவே துளை போட்டு மருந்தை உள்ளே இறக்குகிறவரே வேண்டும், ஏனென்றால் அது வருவது மண்ணுக்குள்ளிருந்து. பீரோ, பெட்டி, கட்டில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஒரு கை அளவு தள்ளிப் போடுங்கள். பெட்டிகளைக் கல்லின் மேலோ இரும்பு ஸ்டாண்டின் மேலோ ஏற்றி வையுங்கள். பழைய செய்தித்தாளையும் அட்டைப்பெட்டிகளையும் வீட்டில் விடவே விடாதீர்கள். வாய்க்கால் பாசனத்தை ஒட்டிய வீடுகளில் நிலத்தில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். கோபிப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மொட்டை மாடிக்கு ஆண்டில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும், ஆனால் அந்த நாளைத் தள்ளிப்போடக் கூடாது. ஆடிக் காற்றில் வேப்பிலையும் தூசியும் முழுக்க மாடியில் வந்து சேர்ந்திருக்கும். நமக்குப் பெருமழை ஐப்பசியில். அதனால் புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டி, மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கீழே வேகமாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது, அணில்கூடக் கூடு கட்டியிருக்கலாம். தட்டோடுகளின் இணைப்பில் வெடிப்பு இருந்தால் அதையும் அப்போதே பூசிவிட வேண்டும்.

மாடியில் இருக்கும் மேல்தொட்டியைக் காலி செய்து மூடி வைப்பது நல்லது. வாரம் ஓட்டும் மோட்டார்த் தண்ணீரை வேண்டிய அளவு ஏற்றி, குழாய்களைத் திறந்து தீர்த்துவிடலாம். மூடி சரியில்லாத தொட்டியில் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டை வைக்கும். உங்கள் வீட்டுத் தொட்டியால் அக்கம்பக்கத்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் கண்ணாடிக் குழாய்களின் மேல் சாக்கைப் போட்டு மூடிக் கட்டிவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் ஆவலில் நண்பகலில் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். காலியாக வெயிலில் காய்ந்த குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும். பல்லடத்து அண்ணனுக்கு ஒரே நேரத்தில் ஒன்பது குழாய்கள் உடைந்தன.

ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணியைச் செருகி வையுங்கள். சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருப்பதை எழுதிக் கொடுத்துவிடலாம்.

மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருந்தால், ரீடிங் எடுக்க வருகிறவருக்குக் கேட்டைத் திறந்துவிட ஆள் வேண்டும். இணைப்பு எண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு இங்கிருந்தே கட்டுங்கள். கட்டாமல் விட்டால் முதலில் துண்டிப்பார்கள், அப்படியே நாள் போனால் இணைப்பே ரத்தாகிவிடும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டுகிறவர்களுக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. நான் இந்த இரண்டு மாதங்களிலும் முதல் தேதியிலேயே கட்டிவிடுவேன்.

பத்திரங்களைப் பூட்டிய வீட்டில் வைக்காதீர்கள், அவை வங்கி லாக்கரில்தான் இருக்க வேண்டும். மாமியாரின் நினைவுநாள் அன்று, ஆண்டுக்கு ஒருமுறை, பதிவுத்துறையின் இணையதளத்தில் எங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பார்க்கிறேன். அதைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. நமக்குத் தெரியாமல் ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தால் அங்கே தெரியும். வருவாய்த்துறையின் இணையதளத்தில் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்றும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். பெரியவர்கள் காலமானபிறகு பட்டா இன்னும் அவர்கள் பெயரிலேயே இருக்கிறதா? அடுத்த விடுமுறையின் முதல் வேலை வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும்தான்.

யாருக்காவது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால், எந்த வேலைக்கோ அந்த வேலையை மட்டும் எழுதுங்கள். வரி கட்டவும் மின் இணைப்பு வாங்கவும் கொடுக்கும் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் எதற்கு? அமீரகத்தில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ கையெழுத்துப் போட்டுச் சான்று பெறலாம். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். தோட்டம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டில் வசிக்கும் நாம் அப்பா வழி வந்த தோட்டத்தை வைத்துக்கொள்ளலாம், புதிதாக விவசாய நிலம் வாங்கக் கூடாது. விற்பதானால் இந்தியாவில் வசிக்கிறவருக்குத்தான் விற்க முடியும்.

வாடகைக்கு விடலாமா என்றால், ஆள் நல்லவராக அமைந்தால் விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அடுப்பெரியும் வீட்டை யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வாடகை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக இங்கே வங்கியில் அல்ல, இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்குக்கு வர வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் குடியிருப்பவர்தான் வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். பலருக்கு இது தெரியாது. வீட்டைப் பார்க்க வருகிறபோதே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். நாங்கள் வாடகைக்கு விடவில்லை. என் வீட்டுக்காரருக்கு அம்மா படுத்திருந்த அறையில் வேறொருவர் கட்டில் போடுவதைப் பார்க்க மனம் வரவில்லை. அதுவும் ஒரு காரணம்தான். அப்படி மனம் இருப்பவர்கள் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் முன்னதாகச் சாவி வைத்திருப்பவரிடம் சொல்லுங்கள். தொட்டியைக் கழுவி, முதல் தண்ணீரைக் கலங்கல் தெளியும்வரை ஓடவிட வேண்டும். எங்களிடம் இன்னொரு சாவி இருந்தாலும் நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. ஷார்ஜா விமானம் விடிவதற்கு முன்பே கோவையில் இறங்கிவிடும். அவிநாசி, நம்பியூர் வழியாக இரண்டு மணி நேரத்தில் கோபி. நேராக அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்துவோம். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, எந்த ஜன்னல் கொக்கி இறுகியிருக்கிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது, மாடியில் எந்த மூலையில் ஓதம் ஏறியிருக்கிறது என்று அவர் வரிசையாகச் சொல்வார். நான் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வேன். பிறகு அவரே முன்னால் நடந்து வந்து பூட்டைத் திறப்பார். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் மாடிக்குப் போவார். வெயில் ஏறுவதற்குள் ஹீட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.