சமூக ஒப்பந்தமும் தனிமனித உரிமையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு வசனம் தவறாமல் வரும்: ‘ஆதியில் மக்கள் ஒன்றுகூடி ஒப்பந்தம் செய்து அரசை உருவாக்கினர்.’ எந்த ஆண்டு, எந்த மரத்தடியில் என்று கேட்டால் பதில் இருக்காது. சமூக ஒப்பந்தக் கோட்பாட்டை வரலாறாக வாசிப்பதுதான் இந்தத் தவறு. 1651இல் ஆங்கிலத் தத்துவவாதி ஹொப்ஸ் எழுப்பியது வரலாற்றுக் கேள்வியே அல்ல. அரசே இல்லாவிட்டால் நிலைமை என்னவாகும், அதிலிருந்து தப்ப மனிதர் எதற்கெல்லாம் சம்மதிப்பார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. அவருக்குப் பின் வந்த இன்னோர் ஆங்கிலத் தத்துவவாதியான லொக், ஒப்பந்தம் உண்மையிலேயே நடந்ததற்கு ரோமையும் வெனிஸையும் உதாரணம் காட்டிப் பார்த்தார். அரசுகள் பெரும்பாலும் படையெடுப்பாலும் அபகரிப்பாலும் வந்தவை என்று 1748இல் ஸ்கொட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் அதை மறுத்துவிட்டார். அப்புறம் 1793இல் ஜேர்மன் தத்துவவாதி கான்ட் வந்து, ஒப்பந்தம் ஒரு சம்பவம் அல்ல, சட்டம் நியாயமானதா என்று உரசிப் பார்க்கும் உரைகல் என்றார். விடை எழுதும்போது இந்த இடத்தில் நிற்பதுதான் பாதுகாப்பு.

ஹொப்ஸ், லொக், பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ ஆகியோரை ‘மூவரும் உரிமைகளை ஆட்சியாளனிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள்’ என்று ஒரே கட்டாகக் கட்டுவது அடுத்த தவறு. ஹொப்ஸிடமே எல்லாம் போய்விடுவதில்லை. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவனுக்கும் தன் உயிரைக் காக்க எதிர்த்து நிற்கும் உரிமை உண்டு என்கிறார் அவர். லொக்கிடம் மனிதன் விட்டுக்கொடுப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: தன் வழக்குக்குத் தானே நீதவானாகித் தண்டிக்கும் அதிகாரம். உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் அவனிடமே இருக்கும். அவற்றைக் காக்கத்தான் அரசு. 1762இல் ரூசோ எல்லாவற்றையும் கொடுக்கச் சொன்னது உண்மை. ஆனால் கொடுப்பது முழுச் சமூகத்துக்கு, ஒரு மன்னனுக்கு அல்ல. அரசாங்கத்தை அமர்த்துவது ஒப்பந்தமே இல்லை என்றும் தனி அத்தியாயம் எழுதி வைத்தார். அதைப் புரட்டுவோர் குறைவு.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் தனக்குள் பேசிக்கொண்டது, நமக்கென்ன’ என்று சொல்வோரும் உண்டு. திருமலைக்காரர் அதைச் சொல்லக்கூடாது. 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில், புயலில் சேதமான ஓர் ஆங்கிலக் கப்பல் பாய்மரம் மாற்ற ஒதுங்கியது. அதன் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த வருடமே இறந்தார். மகன் 1679இல்தான் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினார். 1681இல் அவர் எழுதிய நூல் லண்டனில் வெளியானது. லொக் அதை விடவில்லை. ஆட்சி பற்றிய இரண்டாவது ஆய்வுரையின் 92ஆம் பிரிவில், முற்றதிகார முடியாட்சி முற்றிப் பழுத்தால் மன்னன் நாட்டுக்கு எப்படிப்பட்ட தகப்பனாக இருப்பான் என்று அறிய விரும்புபவர் இலங்கை பற்றி அண்மையில் வந்த நூலைப் பார்க்கட்டும் என்கிறார். நம் குடாவில் பிடிபட்டவரின் கதை, அரசு தராமலே மனிதனுக்கு உரிமை உண்டு என்ற இயற்கை உரிமை வாதத்துக்குச் சாட்சியாகப் போயிருக்கிறது!

ஆனால் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ‘கண்டியில் ஒருவருக்கும் ஒரு பாதுகாப்பும் இருக்கவில்லை’ என்று எழுதுவதும் பிழை. லொக் இங்கே வந்து பார்த்தவர் அல்லர். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பயங்கர உதாரணம். நொக்ஸோ தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், வீடு கட்டிக் குடியிருந்தார். கொடுத்த கடன் திரும்பி வரும் என்று ஒரு கைதி நம்பக்கூடிய ஊரில் ஏதோ ஒரு வழக்காறு இருந்திருக்க வேண்டும்.

‘நாட்டில் இருக்கிறாய், ஆகவே சம்மதித்துவிட்டாய்’ என்ற வாதமும் லொக்கின் பெயரில்தான் ஓடுகிறது. வீதியில் போவதே மறைமுகச் சம்மதம் என்று அவர் சொன்னது சரி. அந்தக் கணக்கில் உப்புவெளியில் ஸ்கூட்டர் ஓடும் சுற்றுலாக்காரரும் நம் சட்டத்துக்குச் சம்மதித்தவரே. ஆனால் சட்டத்துக்குப் பணிந்து அமைதியாக வாழ்வதால் மட்டும் ஒருவர் அந்தச் சமூகத்தின் உறுப்பினராகிவிடுவதில்லை, அதற்கு வெளிப்படையான வாக்குறுதி வேண்டும் என்று 122ஆம் பிரிவில் எழுதியிருக்கிறார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு அரசை விமர்சிப்பவரின் வாயை அடைப்பது மோசமான வாசிப்பு.

கடைசியாக, இயற்கை உரிமையையும் நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. பின்னது 1978 அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் எழுத்தில் இருப்பது. அதே சுற்றுலாக்காரரையும் சித்திரவதை செய்ய முடியாது. 11ஆம் உறுப்புரை எல்லா ஆட்களுக்கும் உரியது. 14ஆம் உறுப்புரையின் பேச்சுச் சுதந்திரமோ பிரஜைக்கு வழங்கப்பட்டது, 15ஆம் உறுப்புரை அதற்கு மட்டுப்பாடுகளையும் வைக்கிறது. சிந்தனை, மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கும் சித்திரவதைத் தடைக்கும் அந்த மட்டுப்பாடுகள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டால் அடிப்படை உரிமை வழக்கு போட முடியாது. நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் முடியும். அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பதால், அதற்குக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.