"வயசுதான் காரணம்"னு சொல்லியே நாம தள்ளிப்போடுற விஷயங்கள்: 45க்கு மேல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருஷம் எனக்கு பீரியட்ஸ் வந்து பதினெட்டு நாளாகியும் நிக்கல. வயசு 47. வீட்ல எல்லாரும், நானும் சேத்துதான், "நிக்கப்போற நேரம்ல, அப்படித்தான் போகும்"னு சொல்லிக்கிட்டு இருந்தோம், படி ஏறினா மூச்சு வாங்குறது, தலை சுத்துறது, சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்கிறது எல்லாத்தையும் அதே கணக்குல எழுதியாச்சு, கடைசில ரத்தம் டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 7. பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ போனாலே ரத்தசோகை. ஸ்கேன்ல கர்ப்பப்பைல ஃபைப்ராய்டு, அதாவது புற்றுநோய் இல்லாத தசைக்கட்டி, இருந்துச்சு. அதுக்கு வைத்தியம் இருக்கு, நாங்கதான் வயசு மேல பழிய போட்டு மாசக்கணக்கா விட்டுட்டோம்.

அதனால முதல் தவறா இதைத்தான் சொல்லுவேன். பீரியட்ஸ் நிக்கிறதுக்கு முன்னாடி சில வருஷம் தேதி முன்ன பின்ன ஆகுறது, ரெண்டு மாசம் வராம இருந்து அப்புறம் வர்றது எல்லாம் சகஜம்தான். ஆனா ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாத்துற அளவுக்கு போனா, ஏழு நாளுக்கு மேல நீண்டா, ரத்தம் பெரிய பெரிய கட்டியா விழுந்தா, 21 நாளுக்குள்ளேயே திரும்ப திரும்ப வந்தா அது சகஜம் இல்ல, டாக்டர்கிட்ட போயிடுங்க. தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்குன்னு 2019-21 தேசிய குடும்ப நல சர்வேயே சொல்லுது, அதாவது ஏற்கனவே ரத்தம் கம்மியா இருக்குற உடம்புலேருந்துதான் இன்னும் இன்னும் போகுது.

இன்னொன்னு, முழுசா 12 மாசம் வரலேன்னாதான் நின்னு போச்சுன்னு, அதாவது மெனோபாஸ்னு கணக்கு. அதுவரைக்கும் கர்ப்பமாக வாய்ப்பு இருக்கு, இதை நெறைய பேர் மறந்துடுறாங்க. அப்படி நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும், "சூடு புடிச்சிருக்கும்"னு வெந்தயத்த ஊறவச்சு குடிச்சிட்டு இருக்காதீங்க ப்ளீஸ். முக்கால்வாசி நேரம் பயப்படுற மாதிரி ஒன்னும் இருக்காது, ஆனா கர்ப்பப்பை புற்றுநோய் காட்டுற முதல் அறிகுறியும் இதேதான், சீக்கிரம் கண்டுபிடிச்சா குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கு. ஒரு ஸ்கேன் எடுத்து உள்சுவர் எவ்வளவு தடிமனா இருக்குன்னு பாப்பாங்க, தேவைப்பட்டா கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க.

இதுக்கு நேர் எதிர் தவறும் நடக்குது. "இனிமே புள்ளையா பெத்துக்கப் போறோம், எடுத்து போட்டுடலாம்"னு அவசரப்பட்டு கர்ப்பப்பைய எடுத்துடுறது. சிலருக்கு ஆபரேஷன் கட்டாயம் தேவைப்படும், அத தப்பு சொல்லல. ஆனா மாத்திரை, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் லூப், கட்டிய மட்டும் எடுக்குறதுன்னு மத்த வழியும் இருக்கு, அதையெல்லாம் கேளுங்க, ரெண்டாவதா ஒரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க. முக்கியமா "சினைப்பையையும் சேத்து எடுப்பீங்களா, ஏன்"னு கேளுங்க. பீரியட்ஸ் நிக்காத வயசுல ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டா அன்னைக்கே உடம்புல ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் சட்டுனு கொறஞ்சிடும், எலும்பு, இதயம் ரெண்டுக்கும் அது கெடுதல்.

கோயில் திருவிழா, சபரிமலைக்கு மாலை போட்டிருக்காங்க, வீட்ல விசேஷம்னு மெடிக்கல்ல போயி தேதி தள்ளிப்போடுற மாத்திரை வாங்கிப் போடுறதும் இந்த வயசுல வேண்டாங்க. கால்ல ரத்தம் உறைஞ்சவங்க, கல்லீரல் பிரச்சனை இருக்கவங்களுக்கு அது ஆபத்து, ஏற்கனவே தாறுமாறா வர்ற பீரியட்ஸுல உண்மையான காரணம் என்னன்னு கண்டுபிடிக்கவும் விடாது.

மாத்திரைன்னதும் ஞாபகம் வருது. இரும்புச்சத்து மாத்திரைய காலைல காபியோட முழுங்கிட்டு "மூணு மாசமா சாப்புடுறேன், ஏறவே இல்ல"ம்பாங்க. காபியும் டீயும் இரும்ப உடம்புல சேரவிடாது, ஒரு மணி நேரமாவது தள்ளி வைங்க, எலுமிச்சை சாறோட எடுத்தா நல்லா சேரும். கால்சியம் மாத்திரைய இரும்போட சேத்துப் போடக்கூடாது. தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, அப்புறம் அரை மணி நேரமாவது கழிச்சுதான் காபி, இரும்பும் கால்சியமும் அதுலேருந்து நாலு மணி நேரம் தள்ளி. எனக்கு இதை எழுதிக் குடுத்தது மாத்திரை கொடுக்குற கவுண்டர்ல இருந்த அம்மாதான், அந்த சீட்டு இன்னும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு.

சோர்வு, வெயிட் போடுறது, முடி கொட்டுறது, காரணமே இல்லாம அழுகை, இதெல்லாம் தைராய்டு குறைஞ்சாலும் வரும், மெனோபாஸ்லயும் வரும். தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பாக்காம முடிவு பண்ணாதீங்க. அழுகையும் தூக்கமின்மையும் ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா மனநல ஆலோசனைக்கு 14416க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

உடம்பு திடீர்னு கொதிச்சு வேர்த்து ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்குனா அது மெனோபாஸ் சூடா இருக்கலாம். ஆனா வேர்வையோட நெஞ்சுல அழுத்தம், தாடை, முதுகு, கை வலி, மூச்சுத் திணறல் இருந்தா கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி வச்சுக் குடுத்துக்கிட்டு நேரத்த போக்காதீங்க, 108க்கு கூப்புடுங்க. ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சப்புறம் நமக்கும் மாரடைப்பு வாய்ப்பு ஏறுது, பொம்பளைங்களுக்கு வராதுங்கிறது தப்பு.

"நாள் பூரா வீட்டு வேலைதானே செய்றேன், எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்"னு என் அக்கா இப்பவும் கேக்குறா. அவ படுற பாட்ட நான் கொறச்சு சொல்லல. ஆனா நின்னு சமைக்கிறதுல உடம்பு அசதியாகுமே தவிர தசைக்கும் எலும்புக்கும் வேண்டிய பலம் வராது, பீரியட்ஸ் நின்ன முதல் அஞ்சு ஏழு வருஷத்துல எலும்போட அடர்த்தி 20 சதவீதம் வரைக்கும் குறையலாம். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும், ரெண்டு நாளாவது எடை தூக்கணும், ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு போதும், நாற்காலில கை ஊனாம பத்து தடவ உக்காந்து எந்திரிச்சா அதுவும் கணக்குதான். சாப்பாட்டுல கேழ்வரகு, மோர், முருங்கைக்கீரை, சின்ன மீன். எல்லாரும் சாப்ட்டப்புறம் மிஞ்சுற சோறும் குழம்பும் மட்டும் நமக்குன்னு இருந்தா புரோட்டீன் எங்கிருந்து வரும், முட்டையோ சுண்டலோ உங்க பங்க முதல்லயே எடுத்து வைங்க.

இருமினா தும்முனா யூரின் கசியுதுன்னு கல்யாணத்துக்குப் போறப்ப தண்ணியே குடிக்காம இருக்குறாங்க, அதனால இன்ஃபெக்ஷன்தான் வருது. யூரின அடக்குற தசைய இறுக்கி விடுற பயிற்சி இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டா சொல்லித் தருவாங்க, சில மாசத்துல நல்லா குறையும். வெக்கப்பட ஒன்னுமே இல்ல.

பிபி, சுகர், மார்பகம், கர்ப்பப்பை வாய் பரிசோதனை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா பண்றாங்க. போறதுக்கு முன்னாடி செவுத்துல மாட்டியிருக்குற மாசக் காலண்டர்ல பீரியட்ஸ் வந்த நாளையும் நின்ன நாளையும் சிவப்பு பேனால வட்டம் போட்டு வைங்க, டாக்டர் முதல்ல கேக்குறது கடைசியா எப்ப வந்துச்சுன்னுதான், அன்னைக்கு எனக்கு அது சொல்லத் தெரியல.