ஏற்காடு இறக்கத்தில் பிரேக் சூடு: இரண்டு பக்கமா, ஒரே சக்கரமா?

அடிவாரம் வந்து சேரும்போது முன் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வந்தால் பிரேக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ வரும் கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால், கழித்தாக வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 14 மெகாஜூல். நாற்பது லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு அது. அதில் எவ்வளவு எஞ்சினுக்குப் போகும், எவ்வளவு பிரேக்குக்குப் போகும் என்பதைக் கியர் போடும் கைதான் தீர்மானிக்கிறது.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே. இடது, வலது இரண்டும் ஒரே அளவு சுடுகின்றனவா, அல்லது ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுடுகிறதா? இரண்டும் சுட்டால் பெரும்பாலும் ஓட்டும் முறையைத் திருத்தினால் போதும். ஒன்று மட்டும் சுட்டால் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

மலையில் இருக்கும்போது

ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ, இறங்கவும் அதே கியர். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியர், மிகக் கூர்மையான திருப்பத்தில் முதல் கியர். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை ‘டி’யில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், ‘எல்’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. எஞ்சின் நின்றால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. ஓரிரு முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும்.

பிரேக்கை இலேசாக அழுத்தியபடியே வருவதைவிட, வேகம் கூடியதும் அழுத்தமாக ஒருமுறை பிடித்து, குறைத்து, முழுவதும் விட்டுவிடுவது நல்லது. விடும் நேரத்தில்தான் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் காற்றுப் படுகிறது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் பஸ்ஸின் பின்னால் ஊர்ந்து இறங்கும்போது இது எளிதில்லை. முன் வண்டிக்குத் தாராளமாக இடைவெளி விட்டு முதல் கியரில் வாருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

பெடல் சொல்வதையும் கவனியுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையை நோக்கிப் போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. பெடலை விட்டு விட்டு வேகவேகமாக மிதித்தால் ஓரளவு பிடி கிடைக்கும். கியரைக் குறைத்து, வளைவை விட்டு விலகி, அகலமான ஓரத்தில் நிறுத்துங்கள்.

நிறுத்திய பிறகு மூன்று காரியங்களைச் செய்யக்கூடாது. டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது. வளைந்துவிடும், விரிசலும் விடலாம். ஹேண்ட் பிரேக்கை இழுக்கக்கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கக்கூடாது. அரை மணி நேரமாவது ஆறட்டும். நின்ற பிறகும் டிஸ்க்கின் சூடு, பேட்டை அழுத்தும் காலிப்பருக்குள் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், நிறுத்தும்போது நன்றாக இருந்த பெடல் சிறிது நேரத்தில் தளர்ந்துபோவதுண்டு. கிளம்பும் முன் எஞ்சினை ஓடவிட்டு பெடலை அழுத்திப் பாருங்கள்.

ஒரே சக்கரம் சுட்டால்

கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி வரை சமதரையில் வந்த பிறகும் ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால், அது பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் உருளாமல் தயங்கும். அந்தச் சக்கரத்தில் மட்டும் கரும்பொடி அப்பியிருக்கும். இந்த நிலையில் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

எங்கள் காரில் முன் இடது சக்கரம் இப்படித்தான் படுத்தியது. ஒர்க் ஷாப்பில் ஜாக்கி போட்டுச் சுற்றினார்கள், தாராளமாகச் சுற்றியது. பேட் மாற்றி அனுப்பினார்கள். அடுத்த முறை மலையிறங்கியபோது அதே வாடை. ஆறிய வண்டியில் சோதித்தால் கோளாறு வெளியே தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கோளாறை வரவழைத்துப் பார்க்க வேண்டும்:

1. சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நியூட்ரலில் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் கை, தலை நீட்ட வேண்டாம்.

2. உதவிக்கு ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள். எனக்கு மைத்துனர் உட்கார்ந்தார். எஞ்சினை ஓடவிட்டு, பெடலைப் பலமுறை அழுத்தமாக மிதித்து, விட்ட மறுகணமே சக்கரத்தைச் சுற்றுங்கள். பேட் உரசும் சத்தம் இயல்பு. இரண்டு கைக்கும் அசையாமல் நின்றால் கோளாறு வந்துவிட்டது. ஒரு நிமிடம் கழித்துத் தானாக இளகினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. அசையாமல் நிற்கும்போதே, காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளில் உள்ளே தெரியும் டியூபைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீரில் கழுவுங்கள்.

நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. திறந்தும் விடவில்லையென்றால், காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் கைடு பின்னோ, பேட்டைத் தள்ளும் பிஸ்டனோ இறுகியிருக்கிறது.

எங்கள் வண்டியில் ‘சர்’ரென்று ஆயில் வந்தது, சக்கரம் சுழன்றது. குற்றவாளி காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் புத்தம் புதிது; உள்ளே ரப்பர் ஊதி வழி அடைந்திருந்தது. கால் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது. திரும்பி வரும்போது தள்ள ஆளில்லை. மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள், ஒரே வயதுதானே. சிக்கல் ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரங்களில் இருந்தால் ஹோஸை விட்டுவிட்டு, பெடலை மிதித்ததும் எல்லாச் சக்கரங்களுக்கும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். முன் இடதும் பின் வலதும் சேர்ந்து இறுகினாலும் அப்படியே, பல கார்களில் ஆயில் பாதை குறுக்காகத்தான் பிரிகிறது.

கைடு பின் இறுகியிருந்தால் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பிறகு முன்னிலும் மோசமாக இறுகும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் வேறுவேறாக இருக்கலாம், இடம் மாற்றாதீர்கள். பிஸ்டன் துருப்பிடித்திருந்தால் அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். எதைத் திறந்திருந்தாலும் முடிவில் ஏர் எடுத்து (ஆயில் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றி), ஆயில் மட்டம் பார்த்து, பெடல் கெட்டியான பிறகே சாலைக்குப் போங்கள்.

கருவிகள் பற்றி

நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர் மட்டுமே. ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கி, சிறு வேலை பெரிய செலவாகும். துப்பாக்கி வடிவ வெப்பமானி வாங்கலாம். ஆனால் பளபளப்பான டிஸ்க்கில் அது குறைத்துக் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தைக் குறிவைத்து வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்னும் தரத்து ஆயிலுக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5 ஐ இதோடு கலக்கவே கூடாது.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தது

மழை இரவில் ஏற்காட்டில் நிறுத்திய காரின் பின் சக்கரம் காலையில் நகரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில் ஈரத்தில் பின் சக்கர டிரம்மும் அதன் உள்ளே அழுத்தும் ஷூவும் துருவால் ஒட்டிக்கொள்வது வழக்கம். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தால் ‘டக்’கென்று விடும். விடவில்லையென்றால் கேபிள் துருப்பிடித்திருக்கலாம்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒன்று. வேகம் மிகவும் குறைந்ததும் ஸ்கூட்டரின் கிளட்ச் தானாக விட்டுவிடும், எஞ்சின் பிடிப்பு போய்விடும். வண்டி கட்டற்று உருளும். ஆக்ஸிலரேட்டரை ஒரு துளி திருகினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். முன், பின் பிரேக்குகளைச் சேர்த்தே பிடியுங்கள். பின் டிரம்மை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே அது சோர்ந்துவிடும்.