பாஸ் ஜிக் வீட்டிலேயே வார்க்க: முள் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாஸ் என்ற நன்னீர் மீனுக்காக நான் முதலில் வார்த்த இருபது ஜிக்கிலும், அதாவது ஈயத்தலை வைத்த தூண்டில் முள்ளிலும், 5/0 என்ற பெரிய அளவு முள்தான் வைத்தேன். பெரிய மீன் வேண்டுமென்றால் பெரிய முள், தடித்த கம்பி. அன்றைக்கு எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். மிசௌரி மாநிலத்து டேபிள் ராக் ஏரியில், தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்ததால் 10 பவுண்டு இழுப்பு தாங்கும் மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டிப் போட்டேன். ஒரே காலையில் நான்கு பாஸ் கவ்வின. நான்கும் படகருகே வந்து தலையை ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விட்டன. முள் உடையவும் இல்லை, நிமிரவும் இல்லை. முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள் வரைக்கும் இறங்கவே இல்லை, அதுதான் விஷயம். பாஸின் வாய் கெட்டி. மெலிந்த ராடும் (தூண்டில் கோலும்) மெல்லிய நரம்பும் அவ்வளவு தடித்த கம்பியை அதற்குள் குத்தி இறக்கப் போதவில்லை.

அதனால் மீனை மனதில் வைத்து முள் வாங்காதீர்கள். உங்கள் ராடையும் நரம்பையும் பார்த்து வாங்குங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: முள்ளின் காதுப்பக்கம், அதாவது நரம்பு கட்டும் ஓட்டைப் பக்கம், ஈயத்தலை வார்த்து, கழுத்தில் சிலிகோன் குஞ்சம் கட்டி, பின்னால் ரப்பர் இரை ஒன்றைக் கோத்தால் அது ஜிக். தரையில் நகரும் கிராஃபிஷ் என்ற கொடுக்கு இறாலைப் போல அது மீனுக்குத் தெரியும்.

படி 1: அச்சுக்குள் முள் உட்காருகிறதா?

கடையில் 4/0 என்று கேட்டு வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மஸ்டாட், கமகாட்சு, ஓனர் என்ற மூன்று கம்பெனி முள்ளிலும் 4/0 உண்டு. மூன்றையும் அருகருகே வைத்தால் தண்டின் நீளமும் வளைவும் ஒன்றுபோல இருக்காது. அயோவாவின் டென்வர் என்ற ஊரில் இருக்கும் டூ-இட் நிறுவனத்தின் அலுமினிய அச்சுகளைத்தான் அமெரிக்காவில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். எந்த அச்சுக்கு எந்த மாடல் எண் முள் பொருந்தும் என்று அவர்களே பட்டியல் தருகிறார்கள். முதல் தடவை அந்தப் பட்டியலை விட்டு விலக வேண்டாம்.

முள்ளைப் பள்ளத்தில் வைத்து, அழுத்தாமல் அச்சை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு பாதிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கம்பி தடிமன் அதிகம். அப்படியே ஊற்றினால் ஈயம் கசிந்து தோசை ஓரம் மாதிரி மெல்லிய தகடாகப் படியும். முள் உள்ளே ஆடினால் கம்பி மெலிசு. தலை கோணலாக வரும். பள்ளத்தை அரம் போட்டுப் பெரிதாக்குகிறவர்களும் உண்டு. நான் ஒரு அச்சை அப்படித்தான் கெடுத்தேன். 100 முள் பாக்கெட் விலை குறைவுதான், ஆனால் முதலில் சின்னப் பாக்கெட் போதும்.

படி 2: காதின் கோணம்

உண்மையில் இதை அச்சு வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் கோணத்தை அச்சுதான் முடிவு செய்கிறது. ஜிக் முள்ளின் தண்டு காதுக்குக் கொஞ்சம் முன்னால் மடங்கியிருக்கும். 90 டிகிரி மடிப்பில் காது தலையின் உச்சியில் நிற்கும். பாறைத் தரையில் மேலே தூக்கித் தூக்கிப் போட அது நல்லது. பாசிக்குள் இழுத்தால் அந்தக் காதின் முன்னாலேயே கொத்துக் கொத்தாகப் பாசி சேரும். அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரி மாதிரி ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி மண்டிய இடத்துக்கு 30 டிகிரி முள் வேண்டும். சில பாக்கெட்டில் 28 என்று போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம். இதில் காது மூக்கு நுனியில் இருப்பதால் ஜிக் பாசியைப் பிளந்துகொண்டு வரும். 60 டிகிரி இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ஒரே ஒரு அச்சுதான் வாங்க முடியும் என்றால் 60 வாங்குங்கள்.

படி 3: கம்பியின் தடிமன்

என்னை ஏமாற்றியது இந்தப் படிதான். தடித்த கம்பி நிமிராது, ஆனால் குத்தி இறக்கப் பலம் வேண்டும். மெல்லிய கம்பி சட்டென்று இறங்கும், ஆனால் முரட்டு இழுப்பில் முள் விரிந்து நிமிர்ந்துவிடும். டெக்சாஸின் லேக் ஃபோர்க்கில் தண்ணீருக்குள் மரங்கள் அப்படியே நிற்கின்றன. கவ்விய மீனை அடுத்த நொடியே மரத்திலிருந்து பிரித்து இழுக்க வேண்டும். அதற்கு 50, 65 பவுண்டு பின்னல் நரம்பு, விறைப்பான ராடு. கூடவே தடித்த கம்பி முள். அங்கே மெல்லிய கம்பியை மாட்டினால் முள் ஊக்கு மாதிரி விரிந்து திரும்பி வரும். 8 முதல் 12 பவுண்டு நரம்பு, வளையும் ராடு என்றால் மெல்லிய கம்பி. 15, 17 பவுண்டுக்கு நடுத்தரம்.

பெரிய மீனுக்குப் பெரிய முள் என்று இன்னமும் நம்புகிறவர்களுக்கு ஒரு சேதி. டெக்சாஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ், ஏறத்தாழ 8.25 கிலோ, 1992 ஜனவரியில் இதே லேக் ஃபோர்க்கில்தான் பிடிபட்டது. பிடித்தவர் அன்றைக்குப் பாஸ் பிடிக்கவே போகவில்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்காகத் தூண்டில் போட்டிருந்தார்.

படி 4: அளவும் வாயும்

கால் அவுன்ஸ் தலைக்கு, அதாவது 7 கிராமுக்கு, 2/0. 3/8, அரை அவுன்ஸுக்கு 4/0. முக்கால் அவுன்ஸுக்கு 5/0. இதில் ஒரு எண் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. முனைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள வாயைத்தான் கவனிக்க வேண்டும். நீங்கள் கோக்கப்போகும் ரப்பர் இரையை மாட்டிப் பாருங்கள். வாயில் பாதியாவது காலியாக இருக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் முனை மீனைத் தொடாது.

படி 5: முனை

நகத்தின் மேல் முனையை லேசாக வைத்து நகர்த்துங்கள். வழுக்கினால் ஒதுக்கிவிடுங்கள், பற்றிக்கொண்டால் சரி. கறுப்பு நிக்கலா வெண்கல நிறமா என்பதெல்லாம் மீனுக்கு ஒரு பொருட்டில்லை.

படி 6: வார்க்கும்போது

ஈயம் உருகுவது சுமார் 327 டிகிரி செல்சியஸில். அச்சிலோ முள்ளிலோ ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, காற்றோட்டமான வெளியிடம் மூன்றும் கட்டாயம். சமையல் பாத்திரத்தையும் சமையல் அடுப்பையும் இதற்குத் தொடாதீர்கள். பெயின்ட் பொடி தூவ முள்ளை நெருப்பில் காட்டும் பழக்கமும் வேண்டாம். முனைக்குச் சூடேறினால் எஃகு மிருதுவாகிவிடும். தலையை மட்டும் சூடாக்குங்கள்.

நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈய ஜிக்குக்குத் தடை. லூன் என்ற நீர்ப்பறவை அவற்றை விழுங்கிச் சாகிறது. அங்கே பிஸ்மத்-தகரக் கலவையில் வார்க்கிறார்கள். அதே அச்சில் எடை ஏறக்குறைய முக்கால்வாசிதான் வரும். முள்ளை எடைக்கு அல்ல, அச்சின் குழிக்குப் பொருந்தப் பாருங்கள்.

படி 7: செருப்புச் சோதனை

நூறு ஜிக் வார்ப்பதற்கு முன் ஒன்றே ஒன்று வார்த்துப் பாருங்கள். பழைய ரப்பர் செருப்பு ஒன்றைப் பலகையில் ஆணி அடித்து, முனையை அதில் லேசாகக் குத்தி, உங்கள் ராடிலும் நரம்பிலும் பத்து மீட்டர் தள்ளி நின்று சுண்டி இழுங்கள். பிடி விட்டால் ஜிக் உங்களை நோக்கியே பறந்து வரும், அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கவாட்டில் இழுங்கள். எதிர்முள் மறைந்தால் அந்த முள் உங்களுக்குச் சரி. மறையவில்லை என்றால் ஒரு படி மெல்லிய கம்பிக்கு இறங்குங்கள். டேபிள் ராக்கிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் என் 5/0 முள்ளை இப்படித்தான் பார்த்தேன். செருப்பில் ஒரு புள்ளி விழுந்தது, அவ்வளவுதான்.