உறைபனியும் உருளைக்கிழங்குச் செடியும்
ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் வானம் மேகமின்றித் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் விடிவதற்குள் உறைபனி விழ வாய்ப்பு அதிகம். முதலில் அடிபடுவது பள்ளத்து வயல்தான். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கி அங்கேயே தேங்கிவிடும்.

இரவில் உறைபனி விழும் என்று தோன்றினால் அன்று பகலிலேயே தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள். ஈர மண் வெயில் சூட்டைப் பிடித்து வைத்து, இரவில் மெல்ல விடும். இப்போதுதான் முளைத்த செடி என்றால் மண் அணைத்து மூடிவிடலாம்.

காலையில் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கினால் மனம் பதறத்தான் செய்யும். அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். மண்ணுக்குள் கிழங்கு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இளஞ்செடி அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அப்புறம், மண்ணுக்கு வெளியே தெரிந்து உறைந்துபோன கிழங்கைத் தனியாக ஒதுக்குங்கள், அது அழுகும்.