உயிரியலுக்கு மாற விண்ணப்பிக்கிறீர்களா? ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வசந்த காலத்திலும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சென்ற் ஜோர்ஜ் வளாகத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கற்கைநெறிக்கு விண்ணப்பிப்பார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வேறு துறை ஒன்றை மனதில் வைத்து வந்து, இடையில் உயிரியல் பக்கம் திரும்பியவர்கள். பொருளியல் படிக்க வந்தவர், கணினி படிக்க வந்தவர், தத்துவம் படிக்க வந்தவர் என்று பலரும் உண்டு. இவர்களில் இடம் கிடைக்காமல் போகிறவர்கள் எல்லோரும் கெட்டித்தனம் குறைந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். விதியை வாசிக்காமல் விட்டதால்தான் பலர் தவறவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை. ஏனென்றால் அந்த விதிகள் ஒன்றும் இரகசியம் இல்லை. பீடத்தின் கல்வி நாட்காட்டியில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கின்றன.

அடிப்படையை முதலில் பார்ப்போம். கலை அறிவியல் பீடத்துக்கு லைஃப் சயன்ஸ் பிரிவில் அனுமதி கிடைத்துவிட்டால், உயிரியலில் இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துவிடுவோம். அது நுழைவுப் பிரிவு மட்டும்தான். 4.0 கிரெடிற் முடித்த பிறகுதான் கற்கைநெறியைக் கேட்க முடியும். அரை வருடப் பாடம் ஒன்றுக்கு 0.5 கிரெடிற் என்பதால், எட்டுப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். சில கற்கைநெறிகள் யார் கேட்டாலும் சேர்த்துக்கொள்ளும். சிலவற்றுக்குக் குறிப்பிட்ட பாடங்களும் புள்ளிகளும் வேண்டும். இன்னும் சில, இடங்களை எண்ணி வைத்துக்கொண்டு, விண்ணப்பித்தவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுத்தான் எடுக்கும். போட்டி என்று நாம் சொல்வது இந்தக் கடைசி வகையைத்தான். லைஃப் சயன்ஸ் பிரிவில் வந்த பிள்ளைக்கும் இது பொருந்தும், வேறு பிரிவிலிருந்து மாறும் பிள்ளைக்கும் பொருந்தும்.

மாற நினைக்கும் பிள்ளைகள் முதலில் சறுக்குவது உயர்நிலைப் பள்ளிப் பாடத்தில். கணினிக்கோ வணிகத்துக்கோ போகப்போகிறேன் என்று பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலைக் கைவிட்ட பிள்ளைகள் நம் வீடுகளில் நிறையப் பேர். இங்கே பயோ 120, பயோ 130 என்ற இரண்டு முதலாமாண்டுப் பாடங்கள்தான் உயிரியலின் வாசல். முதலாவது இயைபாக்கமும் உயிர்ப்பல்வகைமையும். இரண்டாவது மூலக்கூறு, உயிரணு பற்றியது. இவற்றுக்கு ஒன்ராறியோவின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல், அதாவது எஸ்.பி.ஐ.4யூ, முன்தேவை. பயோ 130க்கு அதோடு இரசாயனவியலும் வேண்டும். முதலாமாண்டு இரசாயனப் பாடமான கெம் 135 எடுக்க இரசாயனவியலும் கல்குலஸும் வேண்டும். முதலாமாண்டு நடுவில் மனம் மாறிய பிள்ளை இதை ஜனவரியில் கண்டுபிடித்தால் அந்த வருடம் போய்விட்டது. கோடையில் இணையவழியாகவோ இரவுப் பள்ளியிலோ எஸ்.பி.ஐ.4யூவை முடிக்கலாம். ஒன்ராறியோவின் பொதுக் கல்வி ஒளிபரப்பு நிறுவனமான ரீ.வீ.ஓ நடத்தும் ஐ.எல்.சி தொலைக்கல்வியிலும் அந்தப் பாடம் உண்டு. மனதில் ஒரு சின்ன ஆசை இருந்தாலே போதும், கடைசி முடிவுக்காகக் காத்திருக்காமல் அந்தப் பாடத்தை முன்கூட்டியே முடித்து வைப்பது நல்லது.

அப்புறம் புள்ளிக் கணக்கு. நான் அதிகம் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். போட்டியுள்ள பல கற்கைநெறிகள் ஒட்டுமொத்த சராசரியை விட, தாங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சில பாடங்களின் புள்ளிகளையே பார்க்கும். ஓர் உதாரணம். ஒரு பிள்ளை பயோ 120இல் 84, பயோ 130இல் 82, கெம் 135இல் 80, கெம் 136இல் 78 எடுக்கிறாள். வேறு இரண்டு பாடங்களில் 70, 68. இன்னொரு பிள்ளை அதே நான்கு பாடங்களில் 74, 76, 72, 70 எடுக்கிறான். மற்ற இரண்டில் 86, 84. இருவருக்கும் ஆறு பாடச் சராசரி சரியாக 77. உயிரியல் துறையின் மேசைக்குப் போகும்போது அவளுடைய எண் 81, அவனுடையது 73. சராசரியைக் காப்பாற்ற இலேசான பாடங்களைச் சேர்த்துக்கொள் என்று மூத்த மாணவர்கள் சொல்லும் அறிவுரை இந்த இடத்தில் உதவாது. அந்த இலேசான பாடத்துக்கு எழுதிய கட்டுரையின் நேரத்தைக் கெம் 136க்குக் கொடுத்திருந்தால் அவன் கதை வேறு.

எந்தப் பாடங்கள் எண்ணப்படும் என்பது கற்கைநெறிக்குக் கற்கைநெறி மாறும். மனித உயிரியல், உயிர் இரசாயனவியல், நோயெதிர்ப்பியல், உடற்றொழிலியல், மருந்தியல், நரம்பியல், மூலக்கூற்று மரபியல், சூழலியலும் பரிணாமமும் என்று இங்கே உயிரியல் பல துறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. சிலவற்றை நடத்துவது மருத்துவ பீடத்துத் துறைகள். நண்பனுக்குச் சரியாக இருந்த பாடத்தொகுதி உங்களுக்குச் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இரண்டு மூன்று கற்கைநெறிகளின் பக்கங்களைத் திறந்து வைத்து, கேட்கும் பாடங்களை ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இரசாயனவியலும் உயிரியலும் எல்லாவற்றிலும் வரும், கணிதமும் புள்ளிவிபரமும் இடத்துக்கு இடம் மாறும். கல்வி நாட்காட்டி ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படுவதால் அக்காவுடைய வருடத்துப் பக்கத்தை வைத்துத் திட்டமிடுவதும் ஆபத்து.

கடந்த வருடம் இத்தனை புள்ளிக்கு எடுத்தார்களாம் என்ற பேச்சும் இதே வகைதான். போட்டிக் கற்கைநெறியின் வெட்டுப்புள்ளி, அந்த வருடம் யார் யார் விண்ணப்பித்தார்கள் என்பதைப் பொறுத்தது. கல்வி நாட்காட்டிப் பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சப் புள்ளியைத் தொட்டால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும், அவ்வளவுதான்.

சி.ஆர், என்.சி.ஆர் என்ற தெரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பாடத்தில் புள்ளி சராசரிக்குள் போகாமல், தேறினார் அல்லது தேறவில்லை என்று மட்டும் பதிவாக இது உதவும். 60 அல்லது அதற்கு மேல் எடுத்தால் கிரெடிற் கிடைக்கும். மொத்தம் 2.0 கிரெடிற் வரை இப்படி வைக்கலாம். பிரச்சினை என்னவென்றால், கற்கைநெறித் தேவைக்கு அந்தப் பாடம் செல்லாது. முதலாமாண்டில் பொருளியல் நோக்கத்தோடு இருந்த பிள்ளை, எனக்கு இது எதற்கு என்று இரசாயனவியலைச் சி.ஆர் ஆக்கிவிட்டு, அடுத்த வருடம் உயிரியலுக்குப் போக விரும்பினால் சிக்கல். கலைத்துறைப் பாடத்தில், பல துறைகளிலும் சில பாடங்கள் எடுக்க வேண்டும் என்ற பரந்த கல்வித் தேவைக்காக எடுக்கும் பாடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். விஞ்ஞானப் பாடத்தில் கை வைக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

இதன் மறுபக்கம், மூழ்கும் பாடத்தைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருப்பது. இடைத்தேர்வில் 48 வந்திருக்கிறது, இறுதிப் பரீட்சையில் எல்லாவற்றையும் பிடித்துவிடுவேன் என்று பிள்ளை சொல்லும். வீட்டிலும் பாதியில் விடுவது தோல்வி என்று சொல்லுவோம். ஆனால் பாடத்தை விடும் கடைசித் திகதிக்கு முன் விட்டால், அது புள்ளிப்பட்டியலில் வராது. கோடையிலோ அடுத்த பருவத்திலோ தெளிந்த மனதோடு மறுபடி எடுக்கலாம். 54 புள்ளியோடு தேறிவிட்டால், தேறிய பாடத்தை மறுபடி எடுப்பதற்கு இறுக்கமான விதிகள் வந்துவிடும். பிள்ளையை அந்தத் திகதிக்கு முன் ஒரு தடவை உட்கார வைத்து, இதுவரை வந்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, மிச்சத்தில் எவ்வளவு எடுத்தால் 75 வரும் என்று கணக்குப் பாருங்கள். இறுதிப் பரீட்சையில் 98 வேண்டும் என்று விடை வந்தால் அந்தப் பாடத்தை விட்டுவிடச் சொல்வதுதான் பிள்ளைக்குச் செய்யும் உதவி.

இந்தப் பயணத்தைப் பெற்றோர் தொடங்கிவைக்கும் வீடுகளில் ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. டொக்டர் ஆக வேண்டும் என்றால் உயிரியல் மேஜர்தான், அதாவது பட்டத்தின் முக்கிய கற்கைநெறியாக உயிரியல்தான் வேண்டும் என்பது அது. எந்தத் துறையில் பட்டம் பெற்றாலும் ஒன்ராறியோவின் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மக்மாஸ்ரர் மருத்துவக் கல்லூரி, எம்கேற் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சையில் பார்ப்பது வாசிப்பும் தர்க்கமும் சோதிக்கும் ஒரே ஒரு பகுதியை. ஆகவே மருத்துவத்துக்காக மட்டும் போட்டிக் கற்கைநெறிக்குள் நுழைந்து, அங்கே 72 புள்ளியில் தவிக்கும் பிள்ளை, தனக்குப் பிடித்த மொழியியலில் 88 எடுத்திருக்கக்கூடும். இன்னொன்று. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் தரப்புள்ளிக் (ஜீ.பீ.ஏ) கணக்கில் 85உம் அதற்கு மேலும் எல்லாம் 4.0. மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களைத் திரட்டும் ஓம்சாஸ் கணக்கில் 85 முதல் 89 வரை 3.9, 90இலிருந்துதான் 4.0. பல்கலைக்கழகச் சராசரி 4.0 என்று நிம்மதியாக இருந்த பிள்ளை பிறகு ஓம்சாஸ் கணக்கைப் பார்த்து அதிர்ச்சி அடையாமல் இருக்க இதை முன்பே தெரிந்து வைத்திருக்கட்டும். உயிரணு எப்படி இயங்குகிறது என்று நேரம் போவது தெரியாமல் படிக்கிற பிள்ளை தாராளமாக உயிரியலுக்குப் போகட்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்காகத்தான் நான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

விண்ணப்பமே ஏகோர்ன் என்ற மாணவர் தளத்தில்தான். வசந்த காலத்தில் முதல் சுற்று திறக்கும், கோடையில் இரண்டாவது. எல்லாக் கற்கைநெறிகளும் இரண்டாம் சுற்றில் இடம் வைத்திருப்பதில்லை. முதல் சுற்றைத் தவறவிட்டுவிட்டு கோடையில் பார்க்கலாம் என்றிருந்தால், திறந்து பார்க்கும்போது கேட்ட பெயரே பட்டியலில் இல்லாமல் போகலாம். சில கற்கைநெறிகள் ஏகோர்ன் விண்ணப்பத்தோடு துறைத் தளத்தில் தனி விண்ணப்பமும் கேட்கும். அதற்கு வேறு கடைசித் திகதி இருக்கலாம். அதில் உங்களைப் பற்றி எழுதச் சொன்னால், சின்ன வயதிலிருந்தே உயிரினங்கள் மீது ஆர்வம் என்று தொடங்காமல், எந்த ஆய்வுகூட வகுப்பில் எந்தக் கேள்வி உங்களை இந்தப் பக்கம் திருப்பியது என்று எழுதுங்கள். இரண்டாவது பந்தியிலேயே பொருளியலிலிருந்து ஏன் மாறுகிறீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மிக எளிய இடத்தில் விழுகிறவர்களும் உண்டு. விண்ணப்பித்த பிறகு ஏகோர்னில் அந்தக் கற்கைநெறிக்குப் பக்கத்தில் விண்ணப்பிக்கப்பட்டது என்ற நிலை தெரியும். தெரிவானால் அது அழைக்கப்பட்டது என்று மாறும். அழைப்பைக் கொடுக்கப்பட்ட திகதிக்குள் ஏற்றுக்கொண்டால்தான் இடம் உங்களுடையது. அழைப்பைப் பார்த்ததும் மகிழ்ச்சியில் ஸ்கிரீன் ஷொட் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தாமல் ஊருக்குப் பயணம் போய்விட்டால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். கோடையில் குடும்பத்தோடு பயணம் இருந்தால், முடிவு வரும் திகதியையும் ஏற்கும் கடைசித் திகதியையும் தொலைபேசி நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு கற்கைநெறியை மட்டும் கேட்பதும் வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் கேட்கலாம், கேட்க வேண்டும். பட்டம் முடிக்க ஒரு ஸ்பெஷலிஸ்ற் (ஒரே துறையை ஆழமாகப் படிப்பது), அல்லது இரண்டு மேஜர், அல்லது ஒரு மேஜரும் இரண்டு மைனரும் (மேஜரை விடச் சிறிய கற்கைநெறி) வேண்டும். இரண்டு மேஜர் எடுத்தால் அவற்றுக்கிடையே 12.0 வெவ்வேறு கிரெடிற் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நோயெதிர்ப்பியலும் அதற்கு நெருங்கிய இன்னொரு உயிரியல் மேஜரும் என்று சேர்த்தால் இந்த விதியில் மாட்டிக்கொள்ளலாம். போட்டி குறைந்த ஓர் உயிரியல் மேஜர், அதோடு நீங்கள் வந்த துறையின் மேஜர் என்று வைத்தால் பெரும்பாலும் கணக்குச் சரியாக வரும். நீங்கள் ஏற்கனவே எடுத்த பொருளியல் பாடங்களும் வீணாகாது.

ஸ்காபரோ வளாகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர், ஒரே பல்கலைக்கழகம்தானே, நேரே சென்ற் ஜோர்ஜில் கற்கைநெறியைக் கேட்கலாம் என்று நினைக்கிறார்கள். மூன்று வளாகங்களும் தனித்தனியாக அனுமதி கொடுப்பவை. ஸ்காபரோவில் பயோ ஏ01, ஏ02 என்று வேறு பெயரில் பாடங்கள் நடக்கின்றன. வளாகம் மாறுவதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும், அதற்கும் தனிக் கடைசித் திகதி. அதனால் ஸ்காபரோவிலேயே இருக்கும் உயிரியல் கற்கைநெறிகளின் பக்கத்தையும் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி இருந்தால் யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு குழப்பம். புள்ளி, பாடத்தை விடுவது, சி.ஆர் தெரிவு, பட்டத் தேவை எல்லாம் பல்கலைக்கழகத்துக்குள் நீங்கள் சேர்ந்திருக்கும் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டியவை. இந்த வருடம் எந்தப் பாடங்களை எண்ணுவார்கள், வேறு வளாகத்துப் பாடம் ஏற்கப்படுமா என்பவை துறையின் இளநிலைப் பட்டக் கற்கைகளுக்கான நிர்வாகியிடம் போக வேண்டியவை. பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கி வைத்திருங்கள்.

முதல் தடவை கிடைக்காவிட்டால் உடனே வேறு பல்கலைக்கழகத்துக்கு ஓடாதீர்கள். சர்வதேச மாணவர் என்றால் ஆண்டுக் கட்டணம் 60,000 கனடா டாலருக்கு அருகில் வருவதால் ஒரு கூடுதல் வருடம் என்பது பெரிய முடிவு. ஆனால் அடுத்த வசந்தத்தில் மறுபடி கேட்க முடியும். அதற்குள் எந்தப் பாடத்தின் புள்ளி குறைந்தது என்று பார்த்து, பயோ 230 போன்ற இரண்டாமாண்டுப் பாடங்களில் நல்ல புள்ளி எடுத்தால் விண்ணப்பம் வலுப்படக்கூடிய கற்கைநெறி எது என்று தேடுங்கள். பயோ 230க்கு பயோ 130உம் இரண்டு முதலாமாண்டு இரசாயனப் பாடங்களும் முன்தேவை. அவற்றில் ஏதாவது விடுபட்டிருந்தால் கோடைப் பாடங்களின் பதிவு தொடங்கும் நாளிலேயே சேர்ந்துகொள்ளுங்கள்.