ஏழைகள் பணியும் நன்றியும்: திருகோணமலையில் நாம் செய்யும் தவறுகள்

மாரி வெள்ளம் வடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு உலர் உணவுப் பொதி கொண்டு போயிருந்தோம். முற்றத்தில் இன்னும் சேறு. பொதியை வாங்கி உள்ளே வைத்த அம்மா, "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அடுப்படிப் பக்கம் போனார். எங்களோடு வந்த தம்பி ஒருவன், "வேணாம் அம்மா, உங்களுக்கே கஷ்டம்" என்று தடுத்தான். நல்ல மனதோடுதான் சொன்னான். கேத்தலைக் கையில் பிடித்தபடி அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். முகம் சுருங்கிப் போயிற்று. நாங்களும் ஒன்றும் சொல்லத் தெரியாமல் வாகனத்தில் ஏறினோம்.

ஏழைகள் பணியில் நான் பார்த்த தவறுகளில் மிகப் பெரியது இதுதான். கொடுக்க மட்டும் தெரிந்துகொண்டு, வாங்கத் தெரியாமல் இருப்பது. ஒரு வீட்டார் ஒரு கோப்பை தேநீர் தரும்போது, தங்களையும் ஒரு வீடாக மதிக்கச் சொல்கிறார்கள். அதை மறுத்தால், 'நீங்கள் வாங்குகிறவர்கள் மட்டுமே' என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னது போலாகும். எங்கள் கத்தோலிக்கப் பங்கில், ஏழைகளின் வீடுகளுக்குப் போய் உதவும் வின்சென்ட் டி போல் சபையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: தந்தால் குடியுங்கள். மீன் தந்தால் மீனை வாங்குங்கள். இந்தச் சபையை 1833இல் பாரிசில் சில மாணவர்களோடு சேர்ந்து தொடங்கியபோது பிரடெரிக் ஒசானாமுக்கு 20 வயது. ஏழைகளை அலுவலகத்துக்கு வரவழைக்காமல் அவர்களுடைய வீட்டுக்கே போவது என்று அந்த மாணவர்கள் அன்றே முடிவு செய்தார்கள். வீட்டுக்குப் போனால் விருந்தாளி. விருந்தாளிக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது, அந்த மரியாதையை அவன் மறுக்கக் கூடாது.

அடுத்தது படம் எடுப்பது. இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. வெயிலில் வரிசை, பின்னால் பதாகை, பொதியின் ஒரு பக்கம் கொடுப்பவர் கை, மறு பக்கம் வாங்குபவர் கை. இருவரும் பொதியைப் பார்க்காமல் தொலைபேசியைப் பார்க்கிறார்கள். "கொஞ்சம் சிரிங்க அக்கா" என்று ஒரு குரல். அந்த அக்காவின் மகள் பத்தாம் வகுப்பில் படிப்பாள். அன்று பின்னேரமே அந்தப் படம் அவளுடைய வகுப்புத் தோழிகளின் கைக்கு வந்துவிடும். கொடுத்த அரிசி இரண்டு கிழமையில் முடிந்துவிடும், படம் முடியாது.

காசு தந்தவர்கள் கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் கணக்குக்கு முகம் தேவையில்லை. கையெழுத்துப் பட்டியல் இருக்கிறது, கிராம சேவகரின் உறுதிக் கடிதம் இருக்கிறது, பொதிகளை லொறியில் ஏற்றும்போது எடுத்த படம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து உதவும் நம் சொந்தங்களுக்கு இதை ஒருமுறை மனம்விட்டு விளக்கிச் சொன்னால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை பதாகை அடிக்கக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

செபம் முடிந்த பிறகுதான் பொதி என்று வைப்பது இன்னொரு தவறு. திருகோணமலையில் இதன் பாரம் அதிகம். இங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். ஒரு கிராமத்தில் கோயில், அடுத்ததில் பள்ளிவாசல், அதற்கடுத்ததில் விகாரை. 2004 நடுப்பகுதியில் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. அது சட்டமாகவில்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது, நிவாரணத்தோடு கரைக்குப் போன ஒவ்வொரு கிறிஸ்தவரையும் சிலர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அந்தச் சந்தேகம் இன்னும் முழுதாக அகலவில்லை. செஞ்சிலுவை இயக்கமும் கத்தோலிக்க உதவி அமைப்பான கரித்தாஸ் போன்றவையும் நிவாரணப் பணிக்கென 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறியிலும், எந்தச் சமய நிலைப்பாட்டையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. ஆகவே அரிசிப் பைக்குள் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். பசித்தவர் சொல்லும் 'ஆமென்' மனதில் இருந்து வந்ததா, வயிற்றில் இருந்து வந்ததா என்று நமக்கு எப்படித் தெரியும்? அவர்களாகவே "எங்களுக்காகச் செபியுங்க" என்று கேட்டால், அது வேறு. அப்போது அங்கேயே நின்று செபியுங்கள்.

திருகோணமலை கத்தோலிக்க மறைமாவட்டம் 1893இல் உருவானது. பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள் வந்தார்கள், பின்னர் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் இருந்து வந்தவர்கள் தொடர்ந்தார்கள். லூசியானாவில் பிறந்த பாதர் யூஜின் ஹீபர்ட் அவர்களில் ஒருவர். கிழக்கின் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15இல் மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற் போனார், இன்றுவரை தகவல் இல்லை. அவர் பந்தைக் கொடுக்கும்போது யார் என்ன சமயம் என்று கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொருள் விஷயத்தில் செய்யும் தவறுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கந்தசஷ்டி விரத நாட்களில் சைவ வீடுகளுக்கு டின் மீன் கொண்டு போகாதீர்கள். முஸ்லிம் வீடுகளுக்கு ஹலால் பார்த்து வாங்குங்கள். கிழிந்த உடுப்பு வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கடலுக்கே போகாதவர்கள் சிலருக்கு வள்ளம் கிடைத்தது, கடலையே நம்பியிருந்த சிலருக்குக் கிடைக்கவில்லை. முன்கூட்டியே மீனவர் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து கதைத்திருந்தால் பாதிப் பிழை வந்திராது.

இனி நன்றி பற்றி. இதில்தான் பக்தியுள்ளவர்கள்கூட, ஏன், பக்தியுள்ளவர்கள்தான் அதிகம் தவறுகிறோம்.

இழப்பில் இருப்பவரிடம் போய், "எல்லாவற்றிலும் நன்றி சொல்லுங்கள் என்று பவுல் எழுதியிருக்கிறார்" என்று சொல்வது முதல் தவறு. 2006இல் போரில் மூதூர்ப் பக்கத்துச் சம்பூரை விட்டு ஓடியவர்களில் பலர் திரும்பி வந்து சொந்த வளவில் கால் வைக்க ஒன்பது, பத்து வருடம் ஆயிற்று. மகனைத் தேடி இன்னும் படத்தோடு அலையும் தாய்மார் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் "உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்லுங்க" என்றால், அது ஆறுதலாகாது, வாயை மூடச் சொல்வதாகத்தான் கேட்கும். 13ஆம் திருப்பாடல் 'எதுவரை ஆண்டவரே' என்ற அழுகையில்தான் தொடங்குகிறது, பாட்டு கடைசியில்தான் வருகிறது. அழுகிறவர் அழட்டும். பக்கத்தில் இருங்கள். நன்றி அவர்களுக்கு வரும்போது வரட்டும், நம் அட்டவணைப்படி வராது.

இரண்டாவது, ஒப்பிட்டு நன்றி சொல்வது. பிள்ளைகளை ஒரு ஏழைக் கிராமத்துக்குக் கூட்டிப் போய்த் திரும்பும் வழியில், "பார்த்தீங்களா, கடவுள் நமக்கு எவ்வளவு தந்திருக்கிறார்" என்கிறோம். நானும் பல வருடம் இப்படிச் சொன்னவன்தான். லூக்கா 18ஐ வாசித்தபோதுதான் உறைத்தது. அங்கே இயேசு சொல்லும் கதையில், ஆலயத்தில் பரிசேயர் சொன்னதும் ஒரு நன்றிச் செபம்தானே! மற்றவர்களைப் போல நான் இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னார், ஆனால் இறைவனுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியது பின்னால் நின்ற வரிதண்டுபவர். அந்தச் செபத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, நன்றியை எதிர்பார்த்து நிற்பது. "இவ்வளவு செய்தோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். இயேசு சுகப்படுத்திய பத்துத் தொழுநோயாளர்களில் ஒருவர்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தார், அவரும் யூதர்கள் அந்நியராகப் பார்த்த சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார்தான். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திருப்பி எடுக்கவில்லை. அடுத்த மாதப் பட்டியலில் இருந்து பெயரை வெட்டவுமில்லை.

அப்படியானால் நன்றியை எப்படிப் பழகுவது? இயேசு சபையினர் நமக்கு விட்டுப் போன வழி ஒன்று இருக்கிறது. அவர்களுடைய சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனையில், பாவங்களைத் தேடுவதற்கு முன்பே முதல் படியாக, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். நாங்கள் அதை வாகனத்தில் செய்கிறோம். திரும்பும் வழியில் கிண்ணியாப் பாலத்துக்கு வரும் முன், ஒவ்வொருவரும் அன்று அந்த வீடுகளில் இருந்து தாம் பெற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். 'மனநிறைவு' போன்ற பொதுவான பதில் எடுபடாது. வலை பொத்தும் ஐயா ஊசியைப் பிடிக்கக் காட்டித் தந்தார், ஒரு சின்னப் பிள்ளை பாய் விரித்தாள், இப்படிக் கைக்கு அகப்படும் ஒன்று. நற்கருணை என்று நாம் சொல்லும் அருட்சாதனத்தின் கிரேக்கப் பெயருக்குப் பொருளே நன்றி செலுத்துதல்தான். ஞாயிறு பீடத்தில் சொல்வதை வாகனத்திலும் சொல்லிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் கொப்பியிலும் ஒரு மாற்றம் செய்தோம். முன்பு 'கொடுத்தது' என்று ஒரு நிரல்தான் இருந்தது: அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம். இப்போது பக்கத்தில் கோடு போட்டு, 'வாங்கியது' என்று இன்னொரு நிரல்.

அடுத்த மாதம் அந்த அம்மா வீட்டுக்கு மறுபடி போனோம். தேத்தண்ணி வேண்டாம் என்ற தம்பியையும் கூட்டிப் போனேன். இந்த முறை அவனே போய்க் குசினி வாசலில் குந்தி, "அம்மா, தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டான். அம்மா ஒரு கணம் அவனைப் பார்த்தார், அப்புறம் கேத்தலை அடுப்பில் வைத்தார். ஐந்து பேருக்கு மூன்று கோப்பைதான். முதலில் குடித்தவர்கள் கழுவிக் கொடுக்க, மற்றவர்கள் குடித்தோம். இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கிற பழைய முறை. புறப்படும்போது வேலியோரத்து முருங்கையில் பிடுங்கிய காய்களைத் தாளில் சுற்றித் தந்தார்.

அன்றைய பக்கத்தில், அரிசி 5 கிலோவுக்குப் பக்கத்து நிரலில், தம்பியின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: முருங்கைக்காய் 7, இஞ்சித் தேத்தண்ணி.